திகதியை மட்டும் மாற்றிய கடிதம்

2008இல் வெள்ளவத்தையில் மஹ்ரூப் நானாவின் தட்டெழுத்துக் கடையில் நாலு கணினிகள் இருந்தன; அவற்றைப் பராமரித்தவன் நான். வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களால் வைரஸ் ஓயவில்லை. அதனால் மூன்றில் விண்டோஸை அழித்து, அந்த வைரஸ்கள் தொற்றாத லினக்ஸ் ஏற்றினேன். மூலையிலிருந்த நாலாவதைத் தொட, அதில் தட்டெழுதிய கனகேஸ்வரி அக்கா விடவில்லை.

பொலிஸ் பதிவுப் படிவமோ வாடகை ஒப்பந்தமோ, விசைகளைப் பார்க்காமலே அடிக்கக்கூடியவர். லொட்ஜ் அறையொன்றில் தனியே இருந்தார். கடையிலும் சோற்றுப் பார்சலைச் சுவரைப் பார்த்தபடிதான் பிரிப்பார்.

"இதுவும் வேர்ட் மாதிரித்தான், அக்கா."

"மாதிரி எண்டால் அது இல்லைத்தானே, தம்பி."

"அக்கா விண்டோஸ கலியாணம் முடிச்சீக்கிறா போல," என்று நானா சிரித்தார்.

புதிது பழகப் பயம் என்றே நானும் நினைத்தேன்.

நவம்பரில் அந்தக் கணினியும் வைரஸில் படுத்தது. கோப்புகளைக் காப்பாற்றி, அதிலும் லினக்ஸ் ஏற்றினேன். பழைய தமிழ் எழுத்துருவை எடுத்துவைக்க மறந்துபோனேன்.

பதினான்காம் திகதி அக்கா ஒரு கோப்பைத் திறந்தார். தமிழ் இருந்த இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"இது என்ர மகன்ர கடிதம்," என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பதினான்காம் திகதி, கொட்டாஞ்சேனையில் அவருடைய மகன் சுகந்தனை யாரோ வெள்ளை வான் வண்டியொன்றில் கடத்திக்கொண்டு போனார்கள். அவனைத் தேடித்தரக் கேட்கும் இந்தக் கடிதத்தை மாதாமாதம் அதே நாளில், திகதியை மட்டும் மாற்றி அச்செடுத்து, காணாமற்போனோர் முறைப்பாடு எடுக்கும் ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாராம். அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பொன்ட் தேடி நாளைக்குத் திறந்து தாறன், அக்கா."

"நாளைக்குப் பதினைஞ்சு. இண்டைக்கு நாலு மணிக்குக் கந்தோரைப் பூட்டிடுவாங்கள். விடும், எனக்கு மனப்பாடம்."

லினக்ஸிலிருந்த வேறு தமிழ் எழுத்துருவில், புதுப் பக்கமொன்றில் அடிக்கத் தொடங்கினார். பெயர், அடையாள அட்டை எண், வீதி. விரல்கள் ஓடின. 'அணிந்திருந்த உடை' என்ற இடத்தில் நின்றன.

கேர்சர் விட்டு விட்டு மின்னியது. நான் பிரிண்டரைத் துடைப்பதுபோல நின்றேன்.

கடைசியில் கைப்பையைத் திறந்து போன மாதப் பிரதியை எடுத்தார். நீலக் கோடுபோட்ட சேட்டு.

"பாத்து அடிக்க வேண்டி வந்திட்டுது," என்றார். என்னிடம் அல்ல.

அச்செடுத்தபின் கேட்டேன்: "சேவ் பண்ணட்டோ, அக்கா?"

"வேண்டாம். வாற மாசமும் அடிக்கிறன். சேவ் பண்ணினால் மறந்துபோகும்."

குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதன்பின் லினக்ஸைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு பதினான்காம் திகதியும் வெற்றுப் பக்கமொன்றைத் திறந்தார்.