மாலை போடாத படம்

முதலில் கண்ணில் பட்டது செவ்வந்திப் பூ.

செயின்ட்-மிஷேல் கலாசார மண்டபத்தில் இன்று மெக்சிக்கோக்காரரின் இறந்தோர் விழா. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் சோளரொட்டி, நடுவில் செத்தவர்களின் படங்கள் அடுக்கிய மேடை.

அங்கே நின்ற மெக்சிக்கோ அன்ரி ஒரு பூவைத் தந்து, "உன்னுடையவரின் படத்தையும் வை, மகள்" என்று பிரெஞ்சில் சொன்னா.

போன் கவருக்குள் இருந்த அப்பாவின் படத்தை எடுத்தேன். நான் பிறக்க முதல், ஊரில் சண்டை முடிந்தபோது ஆமியிடம் சரணடைந்தவர். பிறகு ஒரு தகவலும் இல்லை.

பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்தா.

"உனக்கு விசரே? கொப்பர் செத்திட்டாரெண்டு ஆர் சொன்னது? வீட்டுச் சுவரிலை இருக்கிற படத்துக்கே நான் மாலை போடேல்லை."

அவர் இனி வரமாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனாலும் படத்தைத் திரும்பக் கவருக்குள் வைத்தேன்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருக்கிறதா?

அம்மா ரொட்டி வரிசைக்குப் போனதும், மேடையில் படம் இல்லாத ஓர் இடம் பார்த்துப் பூவை மட்டும் வைத்தேன்.