ரம்லத் திருப்பி அனுப்பிய மூட்டை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வெங்கிடாசலத்தின் மலைச்சரக்குக் கிடங்குக்குள் எந்த மூட்டை வரலாம், எது வாசலோடு திரும்பவேண்டும் என்று தீர்மானிப்பவள் ரம்லத்தான். இருபத்திரண்டு வருடமாக அவள் சொன்னதே அங்கே முடிவு. ஜாதிக்காயை முகர்வாள், ஓட்டுக்குள் கொட்டை ஆடுகிறதா என்று காதருகே குலுக்கிப் பார்ப்பாள். முதலாளிகூட மறுபேச்சு பேசியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கிடங்குக்குச் சோதனைப் பட்டை வந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாத பூஞ்சை நஞ்சைக் கண்டுபிடிப்பதற்கு. மூட்டையில் ஒரு பிடி எடுத்துப் பொடித்துக் கரைத்துப் பட்டையை நனைத்தால், நஞ்சிருந்தால் சிவப்புக் கோடு விழும். தொண்ணூறு சதவீதம் பிடித்துவிடும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் பிறகென்ன என்று ரம்லத் அதை நம்பிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில்தான் இசக்கிதுரையின் மூட்டையில் கோடு விழுந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இடக்கொச்சியில் கொட்டகை போட்டு, தோட்டம் தோட்டமாக ஜாதிக்காய் வாங்கி உலர்த்தி விற்றுக்கொண்டிருந்தவன். பதினோரு வருடத்தில் அவன் சரக்கு ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

"இன்னொரு தரம் பாருங்க இத்தா. வேற பக்கத்துலேர்ந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்க" என்றான்.

"பட்டைக்கு வேண்டியவன், வேண்டாதவன்னு உண்டா தம்பி? கொண்டு போ."

நாலு பேர் நிற்கும்போதுதான் அதைச் சொன்னாள். சாயா ஆறுவதற்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன்பின் அவன் சரக்கை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் அவன் கொட்டகையைப் பிரித்தான் என்று கேள்விப்பட்டபோது ரம்லத்துக்கு வருத்தமாக இருந்தது. தவறு செய்துவிட்டோம் என்று மட்டும் தோன்றவில்லை.

போன வருடம் வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். கோடு விழுந்த ஒவ்வொரு மூட்டையையும் ஆய்வகத்துக்கும் அனுப்பவேண்டும். அந்தப் பருவத்தில் கிடங்குக்கு வந்தது ஆயிரம் மூட்டை. கோடு விழுந்தது அறுபத்தேழில். ஆய்வக முடிவுகள் வந்ததும் ரம்லத் ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு அடுக்காக வைத்தாள். நஞ்சுள்ளவை பதினெட்டு. மற்ற நாற்பத்தொன்பதும் நல்ல சரக்கு.

பட்டைதான் பழுதோ என்று முதலில் நினைத்தாள். யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது. பட்டையில் பழுதில்லை. கெட்ட மூட்டையாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை கோடு விழும் என்றுதான் பெட்டியில் இருந்தது. கோடு விழுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கெட்டது என்று அவளாகப் புரட்டிப் படித்துக்கொண்டாள். ஆயிரத்தில் கெட்டது இருபதோ என்னவோ. நல்லது தொள்ளாயிரத்து எண்பது. அந்தப் பெருங்குவியலில் நூற்றுக்கு ஐந்து தவறிச் சிவந்தாலே, உண்மையாகக் கெட்டவற்றைவிட அதிகமாகிவிடுகிறது. பதினோரு வருடம் குறை சொல்லமுடியாதபடி சரக்குத் தந்தவனின் மூட்டை என்றால், அது கெட்டதாக இருக்க வாய்ப்பு இன்னும் குறைவுதான்.

மறுநாள் பஸ் ஏறி இடக்கொச்சிக்குப் போனாள்.

இசக்கிதுரை ஓர் இறால் கொட்டகையில் காவலாளியாக இருந்தான். நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டான். அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"அப்போ என் மூட்டை நல்லதுதானா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அது அவளுக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை.

"அறியில்ல தம்பி. நாலுல மூணு பங்குக்கு மேல நல்லதாத்தான் இருக்கும். ஒறப்பா சொல்லமுடியாது."

"அந்த மூணு பங்கை அன்னிக்கு அந்த நாலு பேர் முன்னால சொல்லியிருந்தா போதும் இத்தா."

திரும்ப ஜாதிக்காய் கொண்டுவா, நான் எடுக்கிறேன் என்றாள். சரக்கு ஏற்றும் வேனும் போயிற்று, உலர்த்தும் அடுப்பும் போயிற்று, இனி முடியாது என்று அவன் கோபமில்லாமல் சொன்னான். அந்தக் கோபமில்லாமைதான் அவளை அதிகம் வருத்தியது.

வெங்கிடாசலத்திடம் பேசி ரம்லத் கிடங்கின் வழக்கத்தை மாற்றினாள். கோடு விழுந்தால் மூட்டையின் வேறு மூன்று இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து மறுபடி சோதனை. அதிலும் சிவந்தால்தான் மூட்டை தனியே போகும். ஆய்வகக் கடிதம் வரும்வரை விற்றவன் பேர் வெளியே வராது. இந்தப் பருவத்தில் இரண்டு முறையும் சிவந்தவை பதினெட்டு. அவற்றில் பதினாறு ஆய்வகத்திலும் கெட்டவை என்றே உறுதியாயின. அந்தப் பதினாறில் ஒன்று அவளுடைய சொந்த அண்ணன் மகன் ஷமீலின் மூட்டை. அவன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைத் தாங்கிக்கொண்டாள்.

பஜாரில் கடை கடையாக ஏறி, இசக்கிதுரை விஷயத்தில் தவறு தன்னுடையதென்றும் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். பழைய கதை எதற்கு என்று சிலர் பேச்சை மாற்றினார்கள். பூஞ்சை பூத்த ஜாதிக்காய் விற்றவன் என்றே அவனை இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. யார் சொல்லிக் கேட்டாலும் ரம்லத் வேலையை நிறுத்திவிட்டு அவர்களைத் திருத்துகிறாள்.