ஆர்டிஸ் அடைத்த தோட்டா

எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. தேர்தலுக்குக்கூட நாங்கள் இப்படித் தொண்டை கிழியக் கத்தியதில்லை. சுட்டுப் போட்ட காலித் தோட்டாக் கூட்டைப் பொறுக்கி, அதில் வெடிமருந்தும் ஈய ரவையும் நாமே அடைத்து மறுபடி சுட்டால் காசு மிச்சமா, இல்லை கடையில் புதுத் தோட்டா வாங்குவதே மேலா என்பதுதான் சண்டை. மிச்சம் என்கிற கட்சிக்கு லாம்பர்ட் கூபிக் தலைவன். போகப் போக அந்தக் கட்சியில் அவன் ஒருத்தன்தான் மிஞ்சினான்.

லாம்பர்ட் ஊர்த் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் கைவிரித்துச் செலவு செய்கிறவர்கள் இல்லை. ஆனாலும் இவன் எங்களையே வெட்கப்பட வைப்பான். சங்கத்துச் சமையலறையில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லி வாங்கினால் கூடவே லவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டி ஒன்று தருவார்கள். சில்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அது மனைவி ஆர்டிஸுக்கு. யோசித்துப் பார்த்தால் அதைக் கஞ்சத்தனம் என்று சொல்லக்கூடாது. எனக்கு அவனைத் திட்டிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

தோட்டா அடைப்பது அவன் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அடைத்தது ஆர்டிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்ட கை அது. வீட்டு நிலவறையில் எந்திரம் இருந்தது. கூட்டைப் பொருத்திக் கைப்பிடியை இழுத்தால் அடியில் பொறி கிளப்பும் கேப் ஏறும். அப்புறம் மருந்து, அதன்மேல் தக்கை, அதன்மேல் ஈய ரவை. கடைசி இழுப்பில் வாய் மடிந்து சுருக்குப் பை மாதிரி மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நாங்கள் சுடும் வரிசைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டுப் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் குறிவைக்கும் மண் தட்டு பறப்பதைப் பார்க்கவே மாட்டாள். வெடிச் சத்தத்தைக் கேட்டே எது தன்னுடைய தோட்டா, எது கடைத் தோட்டா என்று சொல்லிவிடுவாள்.

பிறகு ஈயம் விலை ஏறியது. கேப் கிடைப்பதே குதிரைக் கொம்பானது. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எல்லோரும் அவரவர் வீட்டு எந்திரத்தை மூலையில் போட்டார்கள். லாம்பர்ட் மட்டும் வாளியோடு வந்து எங்கள் காலிக் கூடுகளை முன்னைவிட மும்முரமாகப் பொறுக்கினான்.

சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் கார்லாவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன பெரியவரே, குப்பை பொறுக்கியாச்சா? கடையில பெட்டி மலிவா கெடக்குது. இன்னுமா இது கட்டுபடியாகுது?"

"எனக்குக் கட்டும். ஒனக்கென்ன வந்துச்சு? சில்லியில கறி எங்கன்னு தேடிக்கிட்டிருக்கேன், அதைச் சொல்லு மொதல்ல."

"கணக்குல நீங்க ஃபெயிலுன்னு சொல்லுங்க, கறி போடறேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும் நன்றாகவே சிரித்தேன்.

ஆர்டிஸுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது எங்களுக்கும் தெரியும். மகள் பேரை மறந்தாள். அடுப்பை அணைக்க மறந்தாள். ஒருநாள் மாதா கோவில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, என் செத்துப்போன அண்ணனை நலம் விசாரித்தாள். நல்லா இருக்கான் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாம்பர்ட் என் பக்கத்து இடத்தில் நின்றான். தட்டை வீசச் சொல்லி "புல்!" என்று இங்கிலீஷில் குரல் கொடுத்தான், தட்டு பறந்தது, விசையை அழுத்தினான். வெடிக்க வேண்டிய துப்பாக்கி கிழவன் இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. தட்டு தன்பாட்டுக்குச் சோளக்காட்டில் போய் விழுந்தது. லாம்பர்டுக்குக் காது மந்தம். அடுத்த தோட்டாவைக் கையில் எடுத்துவிட்டான்.

"டேய், போடாதே! தெற, தெற!" என்று நான் கத்தின கத்தலில் வரிசையே துப்பாக்கியைத் தாழ்த்தியது.

திறந்து பார்த்தால் குழலுக்குள் தக்கை சிக்கி நின்றது. தோட்டாவில் மருந்தே இல்லை, வெறும் கேப் மட்டும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து அவன் இடது கை போயிருக்கும்.

பின்னால் நாற்காலியில் ஆர்டிஸ் ஊசியைக் கீழே வைத்தாள். "அது என்னோடதுதானே? நான் மருந்து போடலியா, லாம்பர்ட்?"

"சேச்சே, நான் அடைச்சது. நேத்து நீ தூங்கும்போது நான் கை வச்சேன். எனக்கு எப்பவாச்சும் ஒழுங்கா வந்திருக்கா?"

"அதானே பாத்தேன்," என்றாள். முகம் தெளிந்து பின்னலை எடுத்துக்கொண்டாள்.

சங்கத்தில் பாதுகாப்பு என் பொறுப்பு. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வீட்டுத் தோட்டா இந்த வரிசைக்கு வரக்கூடாது என்றேன். சரி என்றான். அடுத்த வாரமே ஆர்டிஸின் அதே பழைய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். எனக்கு வந்ததே கோபம்!

"நான் சொன்னது ஒன் செவிட்டுக் காதுல விழலியா?"

அவன் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே இருந்ததெல்லாம் புத்தம் புதுக் கடைத் தோட்டா. "சத்தமா பேசாதே, எர்வின். அவ கேட்டுடப் போறா," என்றான்.

"சத்தத்துல கண்டுபிடிச்சுடுவாளே?"

"முன்னெல்லாம் கண்டுபிடிப்பா," என்றான்.

அப்படியானால் அவள் அடைக்கிற தோட்டாவெல்லாம் எங்கே போகிறது? பனிக்காலம் தொடங்கியபோது அதுவும் தெரிந்தது. என்னிடம் சேர்ந்திருந்த காலிக் கூடுகளைக் கொடுக்க ஒரு மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் கொட்டகையில் முக்காலியில் உட்கார்ந்து கத்தியால் தோட்டாக்களை அறுத்துக்கொண்டிருந்தான். ரவை ஒரு டப்பாவில், மருந்து ஒரு புட்டியில், தக்கை ஒரு பையில். அறுபட்ட கூடுகள் காலடியில் குவிந்து கிடந்தன. நிலவறையிலிருந்து கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அவ அடைப்பா. நான் பிரிப்பேன். திரும்பக் கொண்டு போய்க் கீழ வைப்பேன்," என்றான்.

"கூடும் கேப்பும் வீணாப் போகுதேடா. அதுக்கு மேல கடைத் தோட்டா வேற வாங்குறே."

"ஆமா."

"மருந்துக்குப் பதிலா வேற எதையாவது குடுத்துத் தொலையேன். பயமா இல்ல?"

"குடுத்தேனே. விரல்ல தேச்சுப் பாத்துட்டு, இந்தக் குப்பையை எங்க வாங்கினேன்னு கேட்டா." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். அப்புறம் கத்தியைத் துடைத்தபடி, "மேல இருக்கும்போது சில நாள் என்னை யாருன்னு தெரியறதில்ல, எர்வின். அந்தக் கைப்பிடியப் புடிச்சா மட்டும் எல்லாம் வந்துடுது. லாம்பர்ட், ரவை தீந்துபோச்சுன்னு பேர் சொல்லிக் கூப்பிடறா. அதுக்காகத்தான். கட்டுமா கட்டாதான்னு கார்லாகிட்ட என்னத்தச் சொல்றது?"

எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்!

அப்போதுதான் கீழே சத்தம் நின்றதைக் கவனித்தோம். உள்கதவு திறந்தது. ஆர்டிஸ் அடைத்து முடித்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். பார்வை அறுபட்ட கூடுகள்மேல் போனது. மெல்ல ஏறி லாம்பர்டின் முகத்துக்கு வந்தது.

"யாருய்யா நீ? என் வீட்டுக்காரர் தோட்டாவ எதுக்கு அறுக்கறே?"

லாம்பர்ட் எழுந்து நின்றான். "ஆர்டிஸ்..." என்றான்.

"என் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா உக்காந்து அடைச்சேன். அவருக்காக அடைச்சேன். திருட்டுப் பய! லாம்பர்ட் வரட்டும், சொல்றேன்." குரல் உடைந்து அழுதாள். உழைப்பைக் கண்ணெதிரே பாழாக்கினால் யாருக்குத்தான் அழுகை வராது?

நான் அவளிடம், "இவன்தாம்மா..." என்று ஆரம்பித்தேன். லாம்பர்ட் என் கையைப் பிடித்து அழுத்தினான். கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு தொப்பியைக் கழற்றினான்.

"தப்பு என்னோடதுதாம்மா. மன்னிச்சுக்குங்க. இனிமே தொடமாட்டேன்."

"போயிடு. அவர் வர்ற நேரம். பாத்தா சும்மா விடமாட்டார்."

"எப்ப வருவாரு?"

"இருட்டறதுக்குள்ள வந்துடுவார். எங்கயும் தங்கமாட்டார்," என்றாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டாள்.

என் பிக்கப் வண்டியில் ஏறி இருவரும் உட்கார்ந்தோம். வெளியே குளிர். எஞ்சினைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். காது மந்தமானவன் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் நிலவறையில் கைப்பிடி மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

"கேக்குதாடா?" என்றான்.

"கேக்குது."

"எனக்காகத்தான் அடைக்கிறா," என்றான் லாம்பர்ட்.