என் பக்கத்து பிரேக்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். என்னையும் நாலு பேர் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அது டிரைவிங் ஸ்கூல் புண்ணியம். அதற்கு முன்னால் கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் லாரி ஓட்டினேன். அந்த லாரியின் பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. நான் சொல்ல வந்ததும் பிரேக் பற்றித்தான். ஆனால் இது வேறு பிரேக்.

ஓட்டிப் பழகுகிற காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காரும் என் காலடியில் ஒன்று. இருபது வருஷமாக மிதித்து மிதித்து, பஸ்ஸில் போனால்கூட என் வலது கால் தரையை அழுத்துகிறது. வீட்டுக்காரம்மா குரல் ஏறும்போதும் அழுத்துகிறது. அங்கே மட்டும் எதுவும் நிற்பதில்லை.

போன பங்குனியில் என்னிடம் பழகி முடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரி நர்சம்மா. இன்னொருவர் கோயில் குருக்கள், ஐம்பதைத் தாண்டியவர். நர்சம்மா சீக்கிரமே கற்றுக்கொண்டார். குருக்களுக்கும் கியர், கிளட்ச் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஒரே ஒரு கோளாறு. நான் பழக்குவது கிரிவலப் பாதையில். அங்கே எட்டு லிங்கக் கோயில். ஒவ்வொன்றும் எதிர்ப்பட்டதும் மனுஷர் ஸ்டீயரிங்கை விட்டு இரண்டு கையையும் எடுத்துத் தலைக்குமேல் கூப்பிவிடுவார். கண்ணையும் மூடிக்கொள்வார். நான் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து, என் பக்கத்து பிரேக்கை அழுத்துவேன்.

"சாமி, நாள் பூரா உள்ள அவரோடதான இருக்கீங்க? ரோட்டுலயும் விடமாட்டீங்களா?"

"அது உத்தியோகம் மாஸ்டர். இது பக்தி."

பின்சீட்டில் இருந்து நர்சம்மா, "எமலிங்கத்துக்கிட்ட மட்டுமாவது கைய எடுக்காதீங்க சாமி. அவரு உடனே கூப்ட்டுக்குவாரு" என்பார்.

லைசென்ஸ் டெஸ்ட் நடந்த மைதானத்தில் லிங்கம் எதுவும் இல்லை. குருக்கள் பாஸாகிவிட்டார்.

கடைசி நாள் வந்தது. முடித்துப் போகிறவர்கள் வழக்கமாக டீயும் பஜ்ஜியும் வாங்கித் தருவார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சால்வை வாங்கி வந்திருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் சால்வை. போர்த்திவிட்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்க மாஸ்டர்" என்றார் நர்சம்மா. குளிக்கும்போதே யோசித்து வைத்திருந்தேன். ஸ்பீடு கம்மியா போங்க, ஹாரன் ஜாஸ்தியா அடிக்காதீங்க, என்னை மறந்துடாதீங்க. வாயைத் திறப்பதற்குள் குருக்கள் முந்திக்கொண்டார்.

"பழைய கார் ஒண்ணு வாங்கிட்டேன் மாஸ்டர். நாளைக்குக் கார்த்தால ஆத்துக்காரிய ஏத்திண்டு கீழ்பென்னாத்தூர் போறேன். பொண்ணு அங்கதான இருக்கா. மாப்பிள்ளை கண்ணு முன்னாடி நானே ஓட்டிண்டு போய் இறங்கணும்."

எனக்கு சால்வைக்குள் வேர்த்து ஊற்றியது. அந்த ரோட்டில் எத்தனை கோயில் இருக்கிறது என்று லாரிக்காரன் எனக்குத் தெரியாதா? அவர் வாங்கிய காரில் என் பக்கத்து பிரேக் கிடையாதே!

"பேச்செல்லாம் வேணாம் சாமி. ஏறுங்க வண்டியில. மலைய சுத்தி ஒரு ரவுண்டு. நான் கால் வைக்கமாட்டேன்."

சொன்னபடி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கையையும் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அது சும்மா இராது. நர்சம்மா பின்னால் ஏறி பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

எமலிங்கம் வந்தது. குருக்களின் விரல்கள் ஸ்டீயரிங்கில் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தொடைக்கு அடியில் என் கால் துடித்தது. அவர் ஏதோ முணுமுணுத்தார். விரல்கள் திரும்ப மூடிக்கொண்டன. கோயில் பின்னால் போய்விட்டது.

"இன்னா சாமி சொன்னீங்க அவருகிட்ட?"

"சாயங்காலம் நடந்தே வந்து நமஸ்காரம் பண்ணிக்கறேன்னேன். அவர் எங்க போயிடப் போறார்?"

இப்படியே எட்டுப் பேரிடமும் தவணை வாங்கினார். நடுவில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. வண்டியும் நின்றது. நான் மிதிக்கவில்லை. மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

ஆபீஸ் வாசலில் இறங்கலாம் என்றால் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. ஒரு பக்கம் குருக்கள், இன்னொரு பக்கம் நர்சம்மா பிடித்துக்கொள்ள, சால்வையோடு நொண்டிக்கொண்டு வந்தேன். டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா சாமி, லைசென்ஸ் வந்த ஜோருல மாஸ்டர் மேலயே ஏத்திட்டீங்களா?"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் என் இரண்டு வார்த்தை போயே போய்விட்டது.

மறுநாள் காலையில் புதிதாய்ச் சேர்ந்த ஒருவரைப் பழக்கிக்கொண்டிருந்தேன். குருக்கள் இந்நேரம் எந்தக் கோயிலைத் தாண்டுகிறாரோ என்று நினைப்பு வரும்போதெல்லாம் என் கால் தானாக அழுத்தியது. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது.

"நான் இன்னா மாஸ்டர் தப்பு பண்ணேன்?" என்று அந்த ஆள் பாவமாகக் கேட்டார்.

"நீ பண்ணல. ஓட்டுப்பா."

பத்து மணிவாக்கில் போன் வந்தது.

"மாஸ்டர், சேதாரமில்லாம வந்து சேர்ந்துட்டோம். மாப்பிள்ளை வாசல்லயே நின்னு பாத்துட்டார். நான் ஸ்டீயரிங்க விடவே இல்ல."

"வழியில கும்பிடவே இல்லியா சாமி?"

"நேக்கு வேலையே இல்ல மாஸ்டர். கிளம்பினதுலேர்ந்து ஆத்துக்காரி கூப்பின கைய எடுக்கவே இல்லையே!"