இலவமரத்தடியில் அடங்காத பேஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி முகூர்த்தம். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கல்யாணக் கச்சேரி. நான் ஒடுகத்தூரில் கீபோர்டு வாசிப்பவன். என்னிடம் இருப்பது மிடி கன்ட்ரோலர். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை அமுக்கினால் என்ன ஒலி, அது எந்த ஸ்பீக்கர் வழியாக வர வேண்டும் என்பதையெல்லாம் லேப்டாப்பில் நாம்தான் பிரித்து வைக்க வேண்டும். வலது பக்கம் நாதஸ்வரம், நடுவில் வயலின், இடது ஓரத்தில் அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ். ஒற்றை ஆளாக ஒரு கோஷ்டியையே வாசித்துவிடுவேன் என்கிற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு.

தாலி கட்டுவது அம்மன் கோயில் இலவமரத்தடியில். மேலே கிளைக்குக் கிளை, பலகை பலகையாக மலைத்தேன் கூடுகள். அம்மனுடைய தேன் என்று யாரும் தொடுவதில்லையாம். அந்த மரத்தடியில் மேளம் கொட்டக் கூடாது என்பதும் வழக்கம். மேளக்காரர்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டார்கள். அப்படியானால் நான் மட்டும் வாசிக்கலாமா என்று பெண்ணின் அண்ணனிடம் கேட்டேன்.

"அதுக்கின்னாங்க? தோலு கட்டினதத்தான் அடிக்கக் கூடாது. உங்க பொட்டில தோலே இல்லியே!" என்றார்.

ஊர்க்காரர்களும் கூடிப் பேசி அதையேதான் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சனமெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்தாகிவிட்டது. மடியில் கைக்குழந்தைகள் வேறு. பேஸ் ஸ்பீக்கரை அடிமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, சரிபார்க்கலாமே என்று இடது ஓரக் கட்டையை அமுக்கினேன். மேலே கூட்டின் மீது பளபளவென்று ஓர் அலை ஓடியது. அத்தனை தேனீக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்குகின்றன! பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாரும் எழுந்திரிக்காதீங்க, ஓடாதீங்க. தம்பி, அத்த நிறுத்துங்க! மரம் அதிர்ந்தா ஈ கொட்ட வந்துடும்!" என்றார் அடிக்குரலில்.

பதற்றத்தில், விரலை எடுப்பதற்கு முன்பே அந்தப் பகுதியை வேறு ஒலிக்கு மாற்றித் தொலைத்தேன். பழைய ஒலிக்கு 'நிறுத்து' என்கிற கட்டளை போய்ச் சேரவே இல்லை. விரலை எடுத்த பிறகும் பேஸ் பாட்டுக்கு முழங்கிக்கொண்டே இருந்தது. சில தேனீக்கள் கூட்டைவிட்டுக் கிளம்பிவிட்டன. ஒயரைப் பிடுங்கினால் ஸ்பீக்கர் 'டப்'பென்று அதிரும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒலியைக் குறைக்கும் குமிழை மெல்ல மெல்லத் திருகினேன். என் புறங்கையிலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் கையை ஆட்டவில்லை.

முழக்கம் தேய்ந்து அடங்கியது. சற்றுப் பொறுத்து மேலே அந்த அலையும் அடங்கியது.

அதற்குள் முகூர்த்த நேரம் வந்துவிட்டது. பெண்ணின் அண்ணன் என்னைப் பார்த்தார். முடியாது என்று தலையசைத்தேன். மேளமில்லை, பாட்டில்லை. குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோதுதான் அது என் காதில் விழுந்தது. மரம் முழுக்க ஒரே சீரான ரீங்காரம். எத்தனை ஒலிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தாலும், அப்படி ஒரு கீழ்ச்சுருதி என்னிடம் இருந்ததில்லை. அந்தச் சுருதியில் மூன்று முடிச்சும் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்க் கண்ணில் நீர் முட்டியது.

"எங்க கல்யாணத்துக்கும் இதாங்க மேளம்" என்றார் பெண்ணின் அம்மா.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகள் ஏறிவிட்டேன். ஆனால் என் வாழ்நாளின் சிறந்த கச்சேரி எது என்று யாராவது கேட்டால், ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் கைகட்டி நின்ற அந்த முகூர்த்தத்தைத்தான் சொல்வேன்.