நெரிடா வெட்டவிடாத வளையம்

டிங்கோ என்னும் காட்டு நாய்கள் ஆட்டு மந்தைப் பக்கம் வராமல் தடுக்கும் கம்பி வேலியில் நூற்றிருபது கிலோமீட்டர் லைல் ட்ரெவீனாவின் பொறுப்பு. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஓட்டை அடைப்பது, கம்பம் நடுவது, சமைப்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அவன் மனைவி நெரிடா. லைல் லாரி ஓட்டினான். அதுதான் பெரிய வேலை என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டும் இருந்தான்.

மார்ச் மாதம் லைலுக்கு மாரடைப்பு வந்தது. ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். எஜமானுக்குத் துணையாக லாரியின் கியர்பாக்ஸும் அதே மாதம் போயிற்று. மேலாளர் கிளாஸன் ஈவிரக்கம் உள்ளவர்தான். ஆனாலும் வேலியை எத்தனை நாள் பார்க்காமல் விடமுடியும்?

"ஒரு சுத்து நெரி தனியா போயிட்டு வரட்டும். முடியலன்னா வேற ஆள்தான் பாக்கணும், லைல்" என்றார். வேறு ஆள் வந்தால் இந்த வீடும் அவருக்குத்தான். வீடு வேலையோடு சேர்ந்தது.

மிஞ்சியிருந்தது நெரிடாவின் பிக்கப் வண்டி. கம்பங்களும் கம்பிச் சுருள்களும் ஏற்றும் டிரெய்லரோ இராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தது. அதன் மூக்கில் மணிக்கட்டுப் பருமனில் ஓர் இரும்பு வளையம். லாரியின் கொக்கியில்தான் மாட்டும். பிக்கப்பின் பின்னால் இருந்தது எல்லா வண்டியிலும் இருக்கிற இரும்பு உருண்டை.

"வளையத்த வெட்டி எறி. உருண்டைக்கு ஏத்த கிண்ணத்த வெல்ட் பண்ணு. அரை நாள் வேலை" என்றான் லைல்.

"வெட்ட மாட்டேன். அந்த வளையம் அதோட கூட்டுக்குள்ள சுத்தும். டிரெய்லர் கவுந்தாலும் வண்டியச் சேத்துக் கவுக்காது. உருண்டைல அந்தளவுக்குத் திரும்பாது."

"இத்தன வருஷத்துல ஒரு தடவ கவுந்திருக்கா?"

"நீ ஓட்டுனது அஞ்சு டன் லாரி. என்னுது அப்படியா?"

"கொக்கில வளையம் ஆடும். வழி முழுக்க டங்கு டங்குன்னு மண்டையப் பொளக்கும், பாத்துக்க."

"நீ பக்கத்துல உக்காந்து பேசுறத விடவா?"

செத்த லாரியிலிருந்து கொக்கியைக் கழற்றினாள். கனத்த தகடு ஒன்றில் அதைப் பொருத்தி, பிக்கப்பின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கினாள். மாட்டிப் பார்த்தால் டிரெய்லர் மூக்கைத் தரைப் பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது; லாரி உயரம், பிக்கப் குட்டை. தகட்டைக் கழற்றி ஒரு சாண் உயர்த்தினாள். லாரிக்கு இருபத்துநான்கு வோல்ட், இதற்குப் பன்னிரண்டு. டிரெய்லரின் பின்விளக்கு பல்புகளையும் மாற்றினாள். லைல் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு குறை சொன்னான்.

டங்கு டங்கு என்ற சத்தம் மட்டும் அவன் சொன்னபடியே இருந்தது. ஐந்து நாள் அதைக் கேட்டுக்கொண்டே வேலியோரமாகத் தனியே ஓட்டினாள்.

ஆறாம் நாள், காட்டு ஒட்டகங்கள் நாற்பது மீட்டர் வேலியைச் சாய்த்துப் போட்டிருப்பது தூரத்திலேயே தெரிந்தது. தெற்கே ஆடுகள் குட்டி போடும் சமயம். இருட்டுவதற்குள் அடைத்தாக வேண்டும். மழை அரித்த பள்ளத்தின் ஓரமாக வண்டியை விட்டாள். டிரெய்லரின் இடது சக்கரத்தின் கீழ் மண் சரிந்தது. கம்பங்களோடு டிரெய்லர் பக்கவாட்டில் விழுந்தது. பிக்கப் ஒருமுறை குலுங்கி, நாலு சக்கரத்தில் நின்றது. வளையம் கூட்டுக்குள் திரும்பியிருந்தது.

அவள் நன்றாகப் பயந்துபோனாள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். கம்பங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். டிரெய்லரைக் கழற்றி, சங்கிலி கட்டி, பிக்கப்பாலேயே இழுத்து நிமிர்த்தினாள். சூரியன் மறையும்போது கடைசிக் கம்பியை முறுக்கி முடித்தாள்.

சாட்டிலைட் போனில் நடந்ததைச் சொன்னாள்.

"வேலி?" என்றான் லைல்.

"அடச்சாச்சு."

அவன் உடனே போனை வைத்துவிட்டான். கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் கிளாஸன் வந்தார். டிரெய்லர் கவிழ்ந்த கதையை அவரிடம் சொல்வதாக நெரிடாவுக்கு உத்தேசமே இல்லை. லைல்தான் வாயைத் திறந்தான்.

"டிரெய்லர் பள்ளத்துல கவுந்துடுச்சு, கிளாஸன்." நெரிடா அவனை முறைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "நான் சொன்னபடி வளையத்த வெட்டியிருந்தா பிக்கப்பும் கூடவே கவுந்திருக்கும். இவ வெட்ட விடல. கவுந்தத நிமித்தி, அன்னிக்கே வேலியையும் அடச்சிட்டா. நானா இருந்தா ஆள் வரட்டும்னு உக்காந்திருப்பேன். இனிமே இவளே ஓட்டட்டும். நான் கம்பம் எடுத்துக் குடுக்குறேன்."

கிளாஸன் வேலிப் பொறுப்புக் காகிதத்தை எடுத்து லைலின் பெயரை அடித்தார். பிறகு பேனாவோடு நிமிர்ந்து, அவளுடைய முழுப்பெயர் என்ன என்று கேட்டார். இத்தனை வருஷமாக அவருக்கு அவள் நெரி என்று மட்டும்தான் தெரியும்.