தரையிலிருந்து நாற்காலிக்கு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோறு கொதிக்கிற நேரத்தில் நாலு வேலை பார்க்கிறவள் நான். என்னைப் போய், நெல்லித்தோப்பில் எங்கள் தெருக்கோடி ஜிம்மில் பயிற்சி தருகிற பெண், "ஆன்ட்டி, அடுத்த வாட்டி தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒக்காருங்க" என்றால் எரிச்சல் வராதா?

"ஒக்காரவா இங்க வந்தேன்?"

"ஒக்காந்தாதான் ஆன்ட்டி தூக்க முடியும்."

உட்கார்ந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது பக்கம் சரியாக வராது. போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்துவிட்டார். அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு ஆண்களைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்கள், தூக்கி உட்காரவைத்துத் துண்டும் கொடுத்தார்கள். அதுவரை அவர் உடம்பில் பொட்டுத் துணி இல்லை.

அன்றோடு சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதை விட்டுவிட்டார். "இனிமே வுழுந்தா அப்பிடியே வுட்டுடு. யாரையும் கூப்புடாத" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

இத்தனைக்கும் நான் சும்மா இருந்தவள் இல்லை. சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டிகள் வராமல் அடைத்ததும் ஊரே நடக்குமே, அதில் நானும் வருடக்கணக்காக நடந்தவள். கடைசியில் ஒரு பொட்டலம் சுண்டல். அதையே பெரிய உடற்பயிற்சி என்று இடுப்பைக் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடமும் சொன்னேன். "நடங்க, நல்லதுதான். ஆனா வெயிட் தூக்கினாதாம்மா சதையும் எலும்பும் பலமாவும்" என்றார்.

"இந்த வயசுல பயில்வான் ஆவப் போறியா?" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

முதலில் வெறும் கம்பி, பிறகு இரும்புத் தட்டுகள். முதுகை வளைக்காமல் தொடையால் எழப் பழகினேன். முட்டிவலி குறைந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. சர்க்கரைகூடக் கொஞ்சம் இறங்கியது. மனசுதான் அடங்கவில்லை. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். குழாய்ச் சத்தம் நின்றால் கதவில் காதை வைப்பேன்.

போன வாரம் காலையில் அவர் விழுகிற சத்தம் கேட்டே விட்டது. உள்ளே ஓடினேன். தரையில் கிடந்தார்.

"யாரையும் கூப்…"

"பேசாம இருங்க. எங்கியாவது வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினார். துண்டைப் போர்த்திவிட்டு, ஈரத்தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவருக்கும் மூச்சு அடங்கட்டும், எனக்கும் அடங்கட்டும் என்று. என் கால் ஆடவில்லை. பிறகு அவரை மார்போடு அணைத்து, காலை ஊன்றித் தொடை பலத்தில் எழுந்தேன். கூடவே அவரும் எழுந்து வந்தார். நாற்காலியில் உட்காரவைத்தேன்.

சாயங்காலம் நான் ஜிம்முக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"போறப்ப அந்த நாற்காலிய வாசல்ல போட்டுட்டுப் போ. நீ வர வரைக்கும் அங்கியே ஒக்காந்துருக்கேன்."